லைன் நிற்காமல் பார்த்துக்கொள்வது: உதிரிபாக ஆலைக்குப் புதிதாக வந்தவருக்கு

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஓர் உதிரிபாக ஆலையில், பர்ச்சேஸ் அல்லது பிளானிங் பிரிவில் சேர்ந்து உங்களுக்கு மூன்று மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஓர் எக்செல் தாளைக் கொடுத்திருப்பார்கள். அதில் பொருள்களெல்லாம் ஏ, பி, சி என்று மூன்று ரகமாகப் பிரிந்திருக்கும். விலை கூடியது ஏ. மேலாளர் தினமும் அதைப் பற்றித்தான் கேட்பார். ஓ-ரிங், கிளிப், வாஷர், ஸ்டிக்கர், கிரீஸ் எல்லாம் சி. அவற்றை ஸ்டோர்ஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருப்பார்கள்.

நம் பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்பதை இந்தத் தாள் நன்றாகவே சொல்லும். அடி எங்கிருந்து விழும் என்று கேட்டால் வாய் திறக்காது. திருகு, நட்டு வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள். ஒன்று வராவிட்டாலும் வண்டி வெளியே போகாது. வராத பாகம் மூன்று ரூபாயா முப்பதாயிரமா என்று உற்பத்தி லைன் கேட்பதில்லை. முப்பதாயிரம் ரூபாய்ப் பாகத்துக்கு ஏற்கெனவே நாலு பேர் காவல் இருப்பார்கள்; மூன்று ரூபாய்ப் பாகத்துக்கு ஆளே இருக்காது. நான் பார்த்த லைன் நிறுத்தங்களில் பாதிக்கு மேல் இந்தக் காவலில்லாத பக்கத்திலிருந்து வந்தவைதான்.

அதனால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம்: ரூபாயில் எண்ணும் இடத்தில் நாளில் எண்ணுவது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே அந்தப் பழக்கத்திலிருந்து வருபவை.

ஒரே ஒரு தயாரிப்பை எடுத்து அடிவரை போங்கள்

எல்லாப் பொருள்களுக்கும் வரைபடம் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பாதியில் நின்றுவிடும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். உங்கள் ஆலையில் அதிகம் ஓடும் ஒரு தயாரிப்பை எடுங்கள். பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிஓஎம் பட்டியலில் (அதற்குள் என்னென்ன பாகம் போகிறது என்ற பட்டியல்) ஒவ்வொரு வரிக்கு நேராகவும் ஒரு சப்ளையர் பெயர் இருக்கும். பெயர் மட்டும் போதாது. நமக்கு வேண்டியவை நான்கு: அந்தப் பாகம் எந்த ஊரில், எந்த ஷெட்டில் உருவாகிறது? அதன் மூலப்பொருள் யாரிடமிருந்து வருகிறது? நடுவில் எந்த வேலைக்காக வெளியே போய் வருகிறது? எந்த அச்சில் செய்கிறார்கள், அந்த அச்சு எத்தனை இருக்கிறது?

பில்லில் இருக்கும் முகவரியை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அலுவலகம். அண்ணா சாலையில் அலுவலகம் இருக்கும், சரக்கு திருமுடிவாக்கத்தில் உருவாகும், கருப்பு பூசுவதற்கு அம்பத்தூர் போய் வரும். மழை பெய்தால் எது நனையும் என்று தெரிய வேண்டுமானால் கடைசி இரண்டு முகவரிகள்தான் தேவை.

சப்ளையரிடம் நேராகக் கேட்டால் சொல்லத் தயங்குவார். "தெரிஞ்சா என்னைத் தாண்டி நேரா வாங்கிடுவீங்க" என்பது அவருடைய பயம். அநியாயமான பயம் என்றும் சொல்ல முடியாது. அப்படிச் செய்த பர்ச்சேஸ்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். விலையைக் கேட்காதீர்கள், இடத்தை மட்டும் கேளுங்கள். இந்த விவரம் விலை பேசும் மேசைக்கு வராது என்று எழுத்தில் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால், அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

கேட்காமலே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஆய்வுக்குப் போகும் குவாலிட்டி ஆளோடு ஒட்டிக்கொண்டு போங்கள். ரப்பர், பிளாஸ்டிக் மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். உலோகம் என்றால் கூடவே வரும் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் மில்லின் பெயரும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கலில் வந்தது என்ற எண்) இருக்கும். பிளேட்டிங்குக்கும் (உலோகப் பூச்சு) ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் (சூடேற்றிப் பதப்படுத்துவது) வெளியே அனுப்பும்போது ஜாப் ஒர்க் சலான் போட்டே ஆக வேண்டும். அந்தச் சலான் கட்டைப் புரட்டினால் நடுவில் இருக்கும் பட்டறைகளின் பெயர்கள் விழும்.

இப்படி ஐந்து சப்ளையர்களின் சலான்களைப் புரட்டிய ஒரு நாளில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐந்து பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு முதலாளி. ஐந்து பேருடைய ஜிங்க் பிளேட்டிங்கும் ஒரே பட்டறையில். என் தாளில் அந்தப் பட்டறைக்கு ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் நாங்கள் அவருக்கு நேராக ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஃபுகுஷிமா பகுதியில் ஓனஹாமா என்ற இடத்தில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை நின்றது. காரின் பெயின்டில் மினுமினுப்பு தரும் ஸிராலிக் என்ற நிறமி அப்போது உலகத்திலேயே அங்கே மட்டும்தான் தயாரானது. பெயின்ட் கம்பெனிகள் பல, கார் கம்பெனிகள் பல; எல்லோரும் கீழே போய்க் குடித்தது ஒரே கிணற்றில். ஃபோர்டு தன் டீலர்களிடம் சில கருப்பு, சிவப்பு வண்ண வண்டிகளுக்கு ஆர்டர் எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிறகுதான் மெர்க் அதே நிறமியை ஜெர்மனியிலும் தயாரிக்கத் தொடங்கியது.

அடுத்த ஆண்டே இன்னொன்று. 2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியில் மார்ல் நகரில் எவோனிக் ஆலையில் வெடிவிபத்து. இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நைலான்-12 செய்யத் தேவையான ஒரு ரசாயனம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. நைலான்-12 இல்லாவிட்டால் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் இல்லை. ஏப்ரலில் டெட்ராய்ட் பகுதியில், தினமும் அடித்துக்கொள்ளும் போட்டி நிறுவனங்களெல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து மாற்றுப் பொருள் தேடின. குழாய் விற்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணி வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

மேலே பல கிளைகள், அடியில் ஒரே வேர் என்ற இந்த அமைப்பு உங்கள் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலையின் பலன்.

இரண்டு எண்கள்

அடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண்களை எழுதுங்கள். அந்த இடம் இன்று இரவு நின்றால் நாம் எத்தனை நாள் தாங்குவோம்? அந்த இடம் அல்லது அதற்கு மாற்று, எத்தனை நாளில் மீண்டும் சரக்கு கொடுக்கும்? முதலாவது தாங்கும் நாள், இரண்டாவது மீளும் நாள். எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தார். குறைந்த பணத்துக்கு வாங்கும் பாகங்கள் பலவற்றில்தான் பெரிய நஷ்டம் ஒளிந்திருப்பது அதில் தெரிந்தது. நமக்கு அவ்வளவு பெரிய கணினி வேண்டாம். அதே எக்செல் போதும்.

ஒரு கற்பனைக் கணக்கு. பிரேக் ஹோஸ் முனையில் வரும் ஒரு ரப்பர் மூடி. நம் ஸ்டோர்ஸில் 4 நாள் சரக்கு. வழியில் லாரியில் 1 நாள். நாம் செய்து அனுப்பிய ஹோஸ் கஸ்டமரிடம் 2 நாளுக்கு இருக்கிறது. தாங்கும் நாள் 7. மூடி செய்யும் இடத்தில் ஒரே ஒரு மோல்டு (அச்சு). தீயில் போய்விட்டால் புதிது செய்ய 8 வாரம், மாதிரி எடுத்து பிபிஏபி (பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் நடைமுறை) முடித்துக் கஸ்டமர் கையெழுத்து வாங்க 3 வாரம். மீளும் நாள் 77. இடைவெளி 70 நாள். இப்போது அந்த மூடிக்கு நேரே இருந்த 'சி' என்ற எழுத்தைப் பாருங்கள்.

எண்களை நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை சில. "மெஷின் உடைந்தால் எத்தனை நாளில் சரி செய்வீர்கள்?" என்று கேட்டால் எல்லா முதலாளியும் "ரெண்டு நாள் சார்" என்பார். "கடைசியாக மெஷின் எப்போது உடைந்தது, அன்றைக்கு எத்தனை நாள் ஆனது?" என்று கேளுங்கள். பதில் மாறும். சப்ளையரிடம் இருக்கும் கச்சாப் பொருளைத் தயார் சரக்காகச் சேர்க்காதீர்கள். அவர் மெஷின் நின்றால் அது வெறும் மூட்டை. கப்பலில் வந்துகொண்டிருப்பதையும் முழுதாக நம்பாதீர்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கண்டெய்னர்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. அந்தத் தாமதத்தில் 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 11 வரை பெர்லின் அருகிலுள்ள டெஸ்லா ஆலை பெரும்பாலும் நின்றது. வழியில் இருக்கும் சரக்கு, வந்து சேர்ந்த பிறகுதான் சரக்கு.

இடைவெளி அதிகமுள்ளதை மேலே வைத்து அடுக்குங்கள். முதல் பத்து வரிதான் இந்த ஆண்டின் வேலை.

தண்ணீர்

நம் பக்கத்துக்கு இது தனித் தலைப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றியிருந்த பெரிய கார், லாரி ஆலைகள் நாள்கணக்கில் நின்றன. விமான நிலையமே மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்து சிறு தொழில்கள் பட்ட பாடு தெரிந்ததுதான்.

ஆனால் 2015இல் பலர் கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஆலை மேட்டில் இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆள்தான் வரவில்லை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தாம்பரம் பக்கத்திலும் வீடுகளில் மார்பளவு தண்ணீர் நிற்கும்போது கம்பெனி பஸ் யாரை ஏற்றும்? ஆகவே உங்கள் வரைபடத்தில் ஆலைகளோடு சேர்த்து ஆபரேட்டர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்பதையும் குறியுங்கள். குறிப்பாக ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த மெஷின் இருந்தால், அவர் எங்கே குடியிருக்கிறார் என்று தெரிந்து வையுங்கள்.

ஆகஸ்டிலேயே சப்ளையர் ஷெட்டுகளுக்கு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கண்ணால் பார்க்க வேண்டியவை: டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் இருக்கின்றன, மோல்டுகளைத் தரையில் வைத்திருக்கிறார்களா ரேக்கிலா, சர்வர் கீழ்த்தளத்திலா, ஷெட் வாசல் ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறதா. புது ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, பழைய ஷெட்டெல்லாம் பள்ளமாகிப் போன கதை எல்லாத் தொழிற்பேட்டையிலும் உண்டு. சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இருந்தால் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எந்த வரைபடமும் அந்தக் கறை அளவுக்கு உண்மை பேசாது.

அக்டோபர் முதல் வாரத்துக்குள், தாழ்வான இடங்களிலிருந்து வரும் பாகங்களுக்கு மட்டும் கூடுதல் சரக்கை ஏற்றிக்கொண்டு, ஜனவரியில் இறக்கிவிடலாம். ஆண்டு முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் செய்வதுதான் இது. மழைக்கும் செய்கிறோம், அவ்வளவுதான்.

தாய்லாந்தில் 2011இல் நடந்தது இதைவிடக் கொடுமை. அயுத்தயா, பதும் தானி பகுதிகளில் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. ஹோண்டாவின் அயுத்தயா ஆலை அக்டோபரில் மூழ்கி, அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் மறுபடி ஓடியது. பேட்டையைச் சுற்றிக் கரை கட்டியிருந்தார்கள். கரை தாண்டி உள்ளே வந்த தண்ணீர், அதே கரையால் வெளியேற முடியாமல் நின்றது.

ஸ்டாக்: எதை, எங்கே

ஜஸ்ட் இன் டைம் என்றால் ஸ்டாக்கே வைக்கக் கூடாது என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்த டொயோட்டாவே அப்படி நடந்துகொள்ளவில்லை. 2011 நிலநடுக்கத்தில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலை நின்று பட்ட அடிக்குப் பிறகு, டொயோட்டா கீழ்மட்ட சப்ளையர்கள் வரை விவரம் சேர்த்து ஒரு தரவுத்தளம் அமைத்தது. சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்குக் கையில் வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்ற கம்பெனிகள் சிப் இல்லாமல் தவித்தபோது டொயோட்டா ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு இதுதான் காரணம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களும் திட்டமிட்ட உலக உற்பத்தியில் 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டி வந்தது. ஸ்டாக் நாளைத்தான் வாங்கித் தரும். வாங்கிய நாளில் மாற்று ஏற்பாடு நடக்காவிட்டால் அந்த நாளும் தீர்ந்துபோகும்.

ரப்பர் மூடிக்கே திரும்புவோம். விலை 3 ரூபாய், ஒரு ஹோஸுக்கு இரண்டு, நாளைக்கு 1,000 ஹோஸ். முப்பது நாள் கூடுதல் சரக்கு வைக்க 1,80,000 ரூபாய், ஒரு பெரிய அட்டைப்பெட்டி அடுக்கு இடம். லைன் நிறுத்தத்துக்குக் கஸ்டமர் போடும் டெபிட் நோட்டின் (நமக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும் சீட்டு) பக்கத்தில் இந்தத் தொகையை வைத்து மேலாளரிடம் காட்டுங்கள். விலை கூடிய பாகத்துக்கு இது எடுபடாது. அங்கே முழுதாகச் செய்து முடிக்காமல், ஒரு படி முன்னால் நிறுத்தி வைக்கலாம்: மெஷினிங் செய்யாத கேஸ்டிங், துளை போடாத பிளேட். எந்த மாடல் ஓடினாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், பணமும் குறைவாக முடங்கும்.

இரண்டு எச்சரிக்கை. ரப்பர், பசை, பெயின்ட் ஆகியவற்றுக்குக் காலாவதி உண்டு. பழையது முதலில் போக வேண்டும். இன்னொன்று, கூடுதல் சரக்கை அது தயாராகும் ஷெட்டிலேயே வைக்காதீர்கள். தீ பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

இரண்டாவது ஆள், அல்லது இரண்டாவது வழி

எல்லோரும் முதலில் சொல்லும் வைத்தியம் இது: இன்னொரு சப்ளையர் வையுங்கள். சொல்வது சுலபம். புது அச்சுக்கு லட்சக்கணக்கில் பணம், பிபிஏபிக்கு மாதக்கணக்கு, ஏற்கெனவே குறைவான ஆர்டரை 70-30 என்று பிரித்தால் இரண்டு பேருக்குமே கட்டுபடியாகாமல் போவது, இவையெல்லாம் உண்டு. கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் அதே பிளேட்டிங் பட்டறைக்கு அனுப்புவார்கள். முதல் வேலையை முடிக்காமல் இதில் இறங்கினால் காசுதான் நஷ்டம்.

1997 பிப்ரவரி 1 அதிகாலையில் ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்தது. பிரேக்கில் வரும் ஒரு சிறிய வால்வு. டொயோட்டாவுக்கு ஏறக்குறைய அத்தனையும் அங்கிருந்துதான். ஓரிரு நாள் சரக்குதான் கையில். அந்த வாரமே டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் பெரும்பாலும் நின்றன. இதுவரை கேட்டால் 'ஒரே சப்ளையர் ஆபத்து' என்று முடித்துவிடலாம். ஆனால் ஒரு வாரம், பத்து நாளுக்குள் அந்த ஆலைகள் மீண்டும் ஓடின. எப்படி? ஐசின் தன் வரைபடங்களை வெளியே கொடுத்தது. சுற்றியிருந்த ஏராளமான கம்பெனிகள் தங்களிடம் இருந்த பொது மெஷின்களிலேயே அந்த வால்வைக் கடைந்தார்கள். அவர்களில் பிரதர் என்ற தையல் மெஷின் கம்பெனியும் ஒன்று. கார் உதிரிபாகமே செய்து பழக்கமில்லாதவர்கள்.

இரண்டாவது ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பணமில்லாத ஆலைக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ஆளுக்குப் பதிலாக வழியைத் தயாராக வையுங்கள். ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் ஒரு கோப்பு: திருத்தம் எண்ணோடு கடைசி வரைபடம், மெட்டீரியல் கிரேடு, கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) எங்கே இருக்கிறது, எத்தனை டன் பிரஸ் வேண்டும், அந்த டன் பிரஸ் ஐம்பது கிலோமீட்டருக்குள் யார் யாரிடம் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் உள்ள டூல் ரூம்களையும் ஜாப் ஷாப்களையும் தெரிந்து வைத்திருப்பது பர்ச்சேஸ்காரரின் சொத்து. நெருக்கடி வருவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு சிறு ஆர்டராவது கொடுத்திருந்தால், ராத்திரி பதினோரு மணிக்குப் போனை எடுப்பார்கள்.

கோப்பில் முக்கியமான பக்கம் அச்சைப் பற்றியது. 2018 மே 2 அன்று அமெரிக்காவின் மிச்சிகனில், மெக்னீசிய வார்ப்புகள் செய்யும் மெரிடியன் ஆலையில் தீ. ஃபோர்டின் அதிகம் விற்கும் எஃப்-150 பிக்கப் வண்டியின் உற்பத்தி நின்றது. எரிந்த கட்டடத்திலிருந்து 19 டைகளை (வார்ப்பு அச்சுகளை) மீட்டு, தேவையானதை அன்டோனோவ் சரக்கு விமானத்தில் ஏற்றி, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருந்த அதே கம்பெனியின் இன்னோர் ஆலைக்குக் கொண்டுபோய் வார்த்தார்கள். மே 18 அன்று வண்டியின் உற்பத்தி மறுபடி தொடங்கியது. மெஷின் எங்கும் கிடைக்கும், அச்சுதான் கிடைக்காது. உங்கள் அச்சில் உங்கள் கம்பெனி பெயரைத் தகடாக அடித்திருக்கிறதா? அது உங்கள் சொத்து என்று சப்ளையர் கையெழுத்திட்ட காகிதம் இருக்கிறதா? அதன் எடை என்ன, எந்தக் கிரேன் தூக்கும்? வேறு மெஷினில் பொருந்துமா? இந்தக் காகிதம் இல்லாமல் சப்ளையரின் கடனுக்காக வங்கி ஷெட்டைப் பூட்டினால், உங்கள் அச்சு உள்ளே, நீங்கள் கேட்டுக்கு வெளியே.

பட்டறை முதலாளியின் கைப்பணம்

நிலநடுக்கம் எப்போதோ வரும். பணமில்லாமல் ஒரு சிறு பட்டறை மூடுவது எல்லா ஆண்டும் நடக்கும். அதற்கு முன் அறிகுறி தெரியும். வழக்கமாக மொத்தமாக வந்த சரக்கு கொஞ்சம் கொஞ்சமாக வரும். அட்வான்ஸ் கேட்பார். கச்சாப் பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள் என்பார். அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் காணாமல் போய்ப் புது முகங்கள் நிற்கும். ரிஜெக்‌ஷன் ஏறும். டெலிவரி வண்டி டிரைவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் பாதி தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது: நேரத்துக்குப் பணம் கொடுப்பது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வட்டி உண்டு. அந்த ஆண்டுக் கணக்கில் அந்தப் பில் தொகையைச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெறுவதற்கும் சிக்கல். சட்டம் கிடக்கட்டும். முதல் பத்து வரியில் இருக்கும் சிறு சப்ளையர்களின் பில்களை மட்டுமாவது 30 நாளில் தீர்த்துவிடச் சொல்லி அக்கவுன்ட்ஸ் பிரிவோடு சண்டை போடுங்கள். நான் போட்ட சண்டைகளிலேயே பலன் கொடுத்தது அதுதான். சரக்கு குறைவாக இருக்கும் வாரத்தில் யாருக்கு முதலில் ஏற்றுவது என்று அந்த முதலாளி முடிவு செய்யும்போது, ஒழுங்காகப் பணம் கொடுத்தவர் பெயர்தான் அவர் நினைவுக்கு வரும்.

கம்ப்யூட்டர்

2022 மார்ச் 1 அன்று டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் 14உம் ஒரு நாள் நின்றன. சுமார் 13,000 வண்டிகள் தள்ளிப்போயின. காரணம், கோஜிமா என்ற பிளாஸ்டிக் பாக சப்ளையரின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்தது. 2025 செப்டம்பரில் ஜாகுவார் லேண்ட் ரோவர் இதேபோன்ற தாக்குதலில் வாரக்கணக்கில் நின்று, சிறு சப்ளையர்கள் திணறி, பிரிட்டன் அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் அளவுக்குப் போனது. பாதுகாப்பு மென்பொருளெல்லாம் ஐடி பிரிவின் வேலை. உங்கள் வேலை சின்னது: அடுத்த ஏழு நாள் ஷெட்யூல், ஸ்டாக் நிலவரம், சப்ளையர் போன் எண்கள் மூன்றும் தினமும் மாலை காகிதத்தில் அச்சாகி ஒரு கோப்பில் இருக்க வேண்டும். கையால் சலான் எழுதத் தெரிந்த ஒருவராவது ஷிப்டில் இருக்க வேண்டும்.

அரசாங்கங்கள் கதவை மூடும்போது

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு வகை அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்கள் பவர் ஸ்டீயரிங் மோட்டாரிலும் மின்வண்டி மோட்டாரிலும் இருக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின் ஸ்கூட்டர் தொழிலை நம்பியிருக்கும் எல்லோரும் அந்தக் கோடையில் காந்தக் கணக்குப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நெக்ஸ்பீரியா என்ற சிப் கம்பெனி. டச்சு அரசு அந்தக் கம்பெனியில் தலையிட, சீனா தன் நாட்டிலிருந்து போகும் அதன் சிப்புகளை நிறுத்த, ஹோண்டாவின் மெக்சிகோ ஆலை நின்றது. அந்தச் சிப்புகள் ஒன்றும் உயர் தொழில்நுட்பம் இல்லை, சில காசு பெறும் டயோடும் டிரான்சிஸ்டரும்தான். மறுபடியும் 'சி' ரகம்.

உங்கள் மேசையிலிருந்து இதைத் தடுக்க முடியாது. எந்தெந்தப் பாகத்துக்குள் காந்தம், சிப் இருக்கிறது, அவை எந்த நாட்டில் தயாராகின்றன என்ற பட்டியலை இன்றே வைத்திருக்க முடியும். செய்தி வந்த அன்று மாலைக்குள் "நமக்கு இத்தனை பாகம், இத்தனை நாள்" என்று சொல்பவருக்கும், இரண்டு வாரம் மெயில் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் இடையில் மீதி சரக்கை வேறு யாராவது வாங்கி முடித்திருப்பார்கள்.

பதறிப்போய் இரட்டை ஆர்டர் போடாதீர்கள். 2020இல் கார் கம்பெனிகள் முதலில் சிப் ஆர்டர்களை வெட்டின, விற்பனை திரும்பியதும் ஓடிவந்து கேட்டன. அதற்குள் சிப் ஆலைகளில் அந்த இடம் வேறு மின்னணுப் பொருள்களுக்குப் போயிருந்தது. ஆர்டரை ஏற்றி இறக்கி ஆட்டினால் கீழே இருப்பவருக்கு நாம் சொல்லும் எந்த எண்ணிலும் நம்பிக்கை போய்விடும்.

ஒத்திகை

தரச் சான்றிதழான ஐஏடிஎஃப் 16949, அவசரகாலத் திட்டம் வேண்டும், அதை அவ்வப்போது சோதிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபார்வை செய்ய வேண்டும் என்கிறது. பல ஆலைகளில் ஆடிட்டர் வருவதற்கு முந்தைய நாள் தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, கோப்பில் வைப்பதோடு அது முடிந்துவிடும். உங்களால் முடிந்தால் நிஜமாகச் செய்யுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், யாருக்கும் சொல்லாமல், முதல் பத்து வரியில் ஒன்றை அடித்துவிட்டு, "இந்த ஷெட் நேற்று இரவு எரிந்துவிட்டது" என்று ஒரு காகிதத்தில் எழுதி பர்ச்சேஸ், குவாலிட்டி, பிளானிங், லாஜிஸ்டிக்ஸ் ஆட்களை ஓர் அறைக்குக் கூப்பிடுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் பதில் வேண்டியவை: கையில் சரியாக எத்தனை பாகம், எண்ணிப் பார்த்து. கஸ்டமரிடம் யார் பேசுவது. அச்சு எங்கே. மாற்று இடத்தில் முதல் மாதிரி எப்போது.

கஸ்டமரிடம் எப்போது சொல்வது என்பதில்தான் சண்டை வரும். சமாளித்துவிடலாம், சொல்ல வேண்டாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். சொல்லிவிடுங்கள். நான்கு நாள் முன்னால் தெரிந்தால் அவர்கள் மாடல் வரிசையை மாற்றி ஓட்டிக்கொள்வார்கள். நான்கு மணி நேரம் முன்னால் தெரிந்தால் டெபிட் நோட்டுதான்.

ஒத்திகைக்கு முன் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று. அவசரத் தொடர்புப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், சலானில் மட்டும் பெயர் இருக்கும் அந்தப் பிளேட்டிங் பட்டறையையும் சேர்த்து. நான் முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டபோது பதினொரு எண்களில் நான்கு உபயோகத்தில் இல்லை. ஐந்தாவதை எடுத்தவர், அந்தக் கம்பெனியை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றார். இப்போது யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எழுதிக்கொண்டேன்.